பழக்கப்பூட்டு

காலையில் எழுந்ததும் வடிவு வீட்டுக்குக் காற்று அடித்தாள். செவ்வாயின் தென்சரிவில் எல்லாக் குடில்களிலும் விடிந்ததும் நடக்கிற வேலைதான். பம்பைப் போடுவார்கள், அழுத்தமானியின் முள் பச்சைக்கு வந்ததும் அணைத்துவிட்டு, காப்பிக்கு ஐஸ் உருக்கப் போவார்கள். அன்று முள் பச்சையைத் தொட்டுவிட்டு, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே சரியத் தொடங்கியது. இரவு அடித்த மணல்காற்றில் கூரை எங்கோ விரிசல் விட்டிருந்தது.

"நம்பி, வீடு தாங்காதுய்யா," என்று மகனை எழுப்பினாள். "சாயங்காலத்துக்குள்ள மேட்டுநகர் போயிரணும்."

நம்பியும் அவன் மனைவி குழலியும் மேட்டுநகர்வாசிகள். அப்பா ஆவுடையப்பனின் காரியத்துக்காக வந்தவர்கள், அம்மாவைத் தனியாக விட மனமில்லாமல் தங்கியிருந்தார்கள். மணல்காற்று முழுக்க ஓயும்வரை பொதுப் பேருந்து வராது. மிஞ்சியது அப்பா ஓட்டிய பழைய ஊர்தி ஒன்றுதான்.

வீட்டை ஒட்டிய கொட்டகையில் மூவரும் அதில் ஏறினார்கள். வடிவு வழக்கம்போல முன் இருக்கையில், குழலி பின்னால். நம்பி பொத்தானை அழுத்தினான். விளக்குகள் எல்லாம் பச்சையாக எரிந்தன. மோட்டார் மூச்சுவிடவில்லை.

பேட்டரி நிறைந்திருந்தது. ஒயர்களைக் கழற்றி, மணலைத் துடைத்து மாட்டினான். பியூஸை மாற்றினான். சக்கரப் பூட்டை விடுவித்துத் தள்ளிப் பார்த்தான், தடையில்லாமல் உருண்டது. பொத்தானை அழுத்தினால் மட்டும் பச்சை விளக்குகள், அவ்வளவுதான். நம்பி உதைக்கவில்லை, கத்தவில்லை. அவனுடைய அப்பாவாக இருந்தால் இந்நேரம் கொட்டகை அதிர்ந்திருக்கும். பிள்ளை தன்னைக் கொண்டு பிறந்திருக்கிறான் என்று வடிவு நினைத்துக்கொண்டாள்.

கடைசியில் மேட்டுநகர் பணிமனையை ரேடியோவில் கூப்பிட்டார்கள். ஷாகிரா என்ற மெக்கானிக் அங்கிருந்தபடியே ஊர்தியின் மூளையைத் திறந்து பார்த்தாள்.

"வண்டியில ஒரு குறையும் இல்ல சார். பழைய மாடல். இதுக்குப் பழக்கப்பூட்டு."

அது என்னவென்று அவளே விளக்கினாள். திருட்டுக்குப் பயந்து ஒரு காலத்தில் வைத்த பூட்டு. அதற்குச் சாவி கிடையாது. ஓட்டுபவர் தினமும் கிளம்பும்போது செய்வதையெல்லாம் ஊர்தி கவனிக்கும். எது ஒரு நாளும் மாறாமல் வருகிறதோ, அதையே சாவியாக வைத்துக்கொள்ளும். அதைச் செய்யாதவருக்கு அசையாது.

"அப்பா என்ன செஞ்சாங்கன்னு சொல்லுங்க. அதையே செய்யுதேன்," என்றான் நம்பி.

ஷாகிரா பதிவை ஒவ்வொன்றாக வாசித்தாள்.

"கதவு. பெல்ட். அப்புறம்... பக்கத்து சீட்டுல இருக்கவங்கள சத்தம் போட்டுத் திட்டணும் சார். அவங்க பதில் பேசாம தலையக் குனியணும். அதுக்கப்புறந்தான் மோட்டார் ஓடும்."

அவர் திட்டியது வடிவுக்குத் தெரிந்ததுதான். தான் குனிந்ததும் அதில் சேர்த்தி என்பது தெரியாது. இத்தனை வருடமும் அவரோடு சேர்ந்து அவளும் அல்லவா இதைக் கிளப்பியிருக்கிறாள்.

"அத அழிச்சிர முடியாதாம்மா?" என்று ஷாகிராவிடம் கேட்டாள்.

"இங்க கொண்டு வந்தா அழிச்சிரலாம். தூரத்துல இருந்து முடியாது. சார் மகன்தானே, குரலு ஒத்துப்போகும்."

"என்னால முடியாதும்மா," என்றான் நம்பி.

"காத்து இறங்கிட்டிருக்குய்யா. வண்டிக்காகத்தானே, சொல்லு."

"ஏட்டி... பேசாம இரு," என்று முணுமுணுத்தான். வடிவு குனிந்தாள். ஊர்தி அப்படியே நின்றது.

"அது பத்தாது சார்," என்றாள் ஷாகிரா, தயங்கி.

நம்பி கண்ணை மூடி மூச்சை இழுத்தான்.

"ஏட்டி சவமே, ஒனக்கு எத்தன தடவ சொல்லணும்?"

மோட்டார் உறுமியது. கொட்டகைக் கதவு திறந்து, ஊர்தி செம்மணலில் இறங்கி ஓடத் தொடங்கியது. நம்பி திட்டுவதை நிறுத்தவில்லை.

"படிச்ச திமிருட்டி ஒனக்கு. ரெண்டு பட்டம் வாங்கிட்டா பெரிய இவளா நீ? நாலு பேரு முன்னால என்னயத் திருத்த வந்துட்டா. வாயத் தொறந்த, பல்லு இருக்காது."

ஒரு இடத்திலும் திக்காமல், நாக்கில் நடமாடிப் பழகியவையாக வந்தன வார்த்தைகள். ஆவுடையப்பன் வாயிலிருந்து இவை வந்ததே இல்லை. வடிவு பள்ளிக்கூடத்தையே முடிக்காதவள்.

இரண்டு பட்டம் வாங்கியவள் பின் இருக்கையில் இருந்தாள். வடிவு மெல்லத் திரும்பிப் பார்த்தாள். குழலியை யாரும் குனியச் சொல்லவில்லை, அவள் குனிந்திருந்தாள். கைகள் மடியில் கோத்துக் கிடந்தன. முகத்தில் திடுக்கிடல் ஏதும் இல்லை. எப்போது முடியும் என்று அளவு தெரிந்து காத்திருப்பவளின் முகம் அது.

நம்பி ஓய்ந்தான். "மன்னிச்சிரும்மா, வேற வழியில்ல," என்றான், எப்போதும் பேசும் அந்த இதமான குரலில்.

"எப்ப இருந்து?" என்று கேட்டாள் வடிவு. மகனிடம் அல்ல.

குழலி முதலில் நம்பியின் பிடரியைப் பார்த்தாள். அப்புறம்தான் வாய் திறந்தாள்.

"எனக்குப் பழகிட்டு அத்தை."

வண்டியை நிறுத்துடா என்று சொல்ல வாயெடுத்தாள் வடிவு. பின்னால் வீட்டின் கூரை ஒரு பக்கமாக அமுங்கிக்கொண்டிருந்தது. முன்னால் நாள் முழுக்க மணல். நிறுத்தினால், மறுபடியும் கிளப்பியாக வேண்டும்.