குரலை அழி, தாரகா!

செல்போன் அலறியது.

மெல்பேர்னின் மேற்கு ஓரம், வெரிபீயில் ஒரு வாடகை அறை. 2013 ஜூலை. மதியம் ஒன்று பத்து.

சிறி எடுத்தான். வன்னியிலிருந்து மனைவி நாகபூசணி.

"என்னப்பா... நீங்கள் அங்க ஆரோடயும் கதைச்சனீங்களோ?"

கிசுகிசுப்பு. சொந்த வீட்டுக்குள்ளேயே ஒளிந்துகொண்டு பேசுகிறவளின் குரல்!

"என்ன நடந்தது நாகு?"

"மோட்டார் சைக்கிள்ள ரெண்டு பேர் வந்தவங்கள். போனில ஒரு வீடியோ போட்டுக் காட்டினாங்கள். முகம் தெரியேல்ல. ஆனா குரல்... உங்கட குரல்!"

சிறி கட்டிலில் உட்கார்ந்தான்.

"என்ன சொன்னனீ?"

"ஆரெண்டு தெரியாது எண்டனான். பன்னிரண்டு மணிக்குத் திரும்ப வருவாங்களாம். உங்களோட கராஜில வேலை செய்த வரதராஜாவைக் கூட்டிக்கொண்டு. அந்த மனுசன் பயந்தவர்... கேட்ட உடன சொல்லிப்போடுவார்!"

"ஓடு! மாமி வீட்ட போ!"

"எப்பிடி ஓடுறது? ஒருத்தன் ஒழுங்கை முகப்பில நிக்கிறான்!"

தொடர்பு அறுந்தது.

அங்கே பன்னிரண்டு என்றால் மெல்பேர்னில் மாலை நாலரை.

மூன்று மணி இருபது நிமிடங்கள்!

சிறிக்குப் புரிந்துவிட்டது. அவன் வாய் திறந்தது ஒரே ஒருத்தியிடம்.

தாரகா!

யூடியூபில் அவளைத் தெரியாத மெல்பேர்ன் தமிழர் குறைவு. சேலை, சமையல், சுற்றுலா, அறிவுரை... எல்லாம் செய்தாள். ஒன்றுதான் குறை. பெயருக்கு முன்னால் 'டாக்டர்' இல்லை. அது இருந்தால் மேடையில் முதல் வரிசை. டி.வி.யில் 'நிபுணர்'. ஆகவே முனைவர் பட்ட ஆராய்ச்சியில் இறங்கினாள். தலைப்பு, படகில் வந்தவர்களின் அச்சம்.

சிறியும் படகில் வந்தவன்தான். 'பேர் வராது' என்று அவள் சத்தியம் செய்ததை நம்பினான். ஊரில் தன் கண்முன்னே யாரை யார் இழுத்துப் போனார்கள் என்பதைச் சொன்னான்.

பேர் வரவில்லை.

குரல் வந்துவிட்டது! 'நான் ஏன் டாக்டர் ஆகிறேன்' என்ற விளம்பர வீடியோவில்!

ஏழு முறை அழைத்தான். தாரகா எடுக்கவில்லை.

பக்கத்து யூனிட்டுக்கு ஓடினான். நஷ்வா. ஒரு சட்ட உதவி அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர். கதையைக் கேட்டு முடிக்கும் முன்பே கார்ச் சாவியை எடுத்தாள்.

"ஏறுங்க அண்ணன்! அவ வீடு எங்க?"

"த பேசின்... மலையடிவாரத்தில."

"அல்லாஹ்! ஊரின்ட மற்றத் தொங்கலாச்சே!"

பாலத்தில் லொறி ஒன்று பழுதாகி நின்றது. கார்கள் நகரவில்லை. சிறி டாஷ்போர்டு மணிக்கூட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

தாரகாவின் வாசலில் கார் நின்றபோது மூன்று ஐம்பத்தைந்து!

கூடத்தில் இரண்டு பெரிய குடை விளக்குகள். சுவரில் புதுப் பதாகை: 'டாக்டர் தாரகா'. பட்டம் இன்னும் வரவில்லை. பதாகை வந்துவிட்டது!

"சிறி அண்ணா! ஷூட்டிங் நடக்குது... என்ன இது?"

"தங்கச்சி, அந்த வீடியோவை அழியுங்கோ! வீட்டுக்கு ஆக்கள் வந்திட்டினம்! நாகுவைப் பிடிச்சிருவாங்கள்!"

"முகத்தை மறைச்சிருக்கன் தானே?"

"குரலை மறைக்கேல்லையே!"

"குரல்தான் அண்ணா அந்த வீடியோக்கு உயிரே! இன்னும் ரெண்டாயிரம் வியூஸ் வந்தா ஒரு லட்சம். நாளைக்குத் தீசிஸ் குடுக்கிறன். இப்பப் போய் அழிச்சா சனம் என்ன நினைக்கும்?"

"காலில விழுறன்..."

"சீன் போடாதேங்கோ!" அவள் குரல் தணிந்தது. அதுதான் பயமாக இருந்தது. "வேலை செய்ய அனுமதி இல்லாமப் பேக்கரியில மாவு பிசையிறியள். குடிவரவுக்கு நான் ஒரு போன் போட்டாக் காணும். விளங்குதா?"

வீசாவா... நாகுவா?

நான்கு மணி ஐந்து!

நஷ்வா மேசைமேல் கிடந்த தடித்த கட்டை எடுத்தாள். நாளை பல்கலைக்கழகத்துக்குப் போகவிருக்கும் ஆய்வேடு, அந்தத் தீசிஸ்.

"ஏய்! அதைத் தொடாதேங்கோ!"

"பயப்படாதீங்க மேடம். வாசிக்கத்தானே எழுதின?"

ஆங்கிலத்தைப் பார்த்துத் தமிழில் சொல்ல ஆரம்பித்தாள்.

"பங்கேற்பாளர் நாலு. ஆசிரியை. 'படகில தண்ணி முடிஞ்ச அண்டைக்கு ஒரு ஆணியை வாயில வைச்சுச் சப்பினன்...'"

சிறி நிமிர்ந்தான்.

"அது நான் சொன்னது!"

நஷ்வாவின் புருவம் ஏறியது. பக்கங்கள் பறந்தன.

"பங்கேற்பாளர் ஒம்பது. மீனவர், வயது அறுபது. 'பயம் வந்தா எஞ்சின் கழட்டுற மாதிரி ஒவ்வொரு பாகமா மனசுக்குள்ள எண்ணுவன்...'"

"மீனவர் எங்க கார் எஞ்சின் கழட்டினவர்? அதுவும் நான்!"

"பங்கேற்பாளர் பதினேழு. கைம்பெண்..."

"ஐயோ, அதுவும் நானோ!"

தாரகாவின் முகத்தில் மேக்கப் மட்டும் மிச்சமிருந்தது.

"அண்ணன், எத்தனை சம்மத ஃபோர்மில கையெழுத்து வைச்ச நீங்க?" நஷ்வா கேட்டாள்.

"எண்ணேல்ல தங்கச்சி. அகதி முகாமில கட்டுக் கட்டாப் பேப்பர் தருவினம். காட்டின இடத்தில வைச்சுப்போட்டுப் பேசாம இருப்பம். இவவும் ஒரு கட்டுத் தந்தவ. வைச்சன்..."

தீசிஸில் இருபது பங்கேற்பாளர். இருபது ஃபோர்ம். இருபது பெயர். ஒரே கை! வாரம் மூன்று வீடியோ எடுப்பவளுக்கு மற்றப் பத்தொன்பது பேரைத் தேடிப் போக ஏது நேரம்?

"தாரகா மேடம்..." நஷ்வா மெதுவாகச் சொன்னாள். "பங்கேற்றவர் எப்ப வேணுமெண்டாலும் விலகலாம். காரணம் சொல்லத் தேவையில்ல. பல்கலைக்கழகத்துக்கு ஒரு வரி ஈமெயில். அவங்க இருபது ஃபோர்மையும் பக்கத்துப் பக்கத்தில வைச்சுப் பார்ப்பாங்க. குடிவரவுக்குப் போன் போடுறீங்களா? நானே நம்பர் தாறன்!"

நான்கு பதினெட்டு!

தாரகா லேப்டாப்பைத் திறந்தாள். பாஸ்வேர்டு பிழை. மறுபடியும் பிழை!

"ஆறுதலா... ஆறுதலா அடியுங்கோ!" சிறி கெஞ்சினான்.

நான்கு இருபத்தாறு.

வீடியோ மறைந்தது.

நாலரை. நாகுவிடமிருந்து அழைப்பு இல்லை.

நான்கு நாற்பது. இல்லை!

சிறி செல்போனை இரண்டு கைகளாலும் பிடித்திருந்தான்.

நான்கு ஐம்பத்திரண்டு... அலறியது!

"நாகு!"

மூச்சிரைப்பு மட்டும் கேட்டது. பிறகு...

"வந்தவங்கள். வரதராஜாவைக் கதிரையில இருத்திப்போட்டுப் போனை அமத்தினாங்கள். வீடியோ வரேல்ல! சிக்னல் இல்லையெண்டு முத்தத்துக்குக் கொண்டுபோயும் அமத்திப் பார்த்தாங்கள். அந்த மனுசன் 'கேக்காத குரலை எப்பிடித் தம்பி சொல்லுறது' எண்டிட்டார். ஏசிப்போட்டுப் போயிட்டாங்கள்!"

"முகப்பில நிண்டவன்?"

"அவனும்தான். நான் இப்ப பஸ்ஸில இருக்கிறனப்பா. இனி அந்த வீட்டுப் பக்கம் போகமாட்டன்."

சிறி அழுதான். சத்தமாக. நஷ்வா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தாரகா தீசிஸை நெஞ்சோடு அணைத்தபடி அருகில் வந்தாள்.

"அதுதான் அழிச்சிட்டன் தானே... அண்ணா, நீங்கள் விலக மாட்டியள் தானே?"

சிறி கண்ணைத் துடைத்தான். அந்தத் தடித்த கட்டைப் பார்த்தான்.

"எனக்குச் சம்மதம் தங்கச்சி... ஆனா மற்றப் பத்தொன்பது பேரையும் ஒரு சொல்லுக் கேக்கவேணும். அதில அந்தக் கைம்பெண் சரியான கோவக்காரி!"