கைக்காசுக் கொழுந்து

பீலியில் தண்ணீர் பிடித்துக்கொண்டு லோஜினி காம்பராவுக்குத் திரும்பியபோது உள்ளே பச்சைக் கொழுந்து வாசனை அடித்தது. தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் கொழுந்து வாசனை அடிப்பதில் என்ன அதிசயம்? சுற்றிவர மலை முழுக்கத் தேயிலைதான். காற்றடித்தால் அதுதான் மணக்கும். ஆனால் இது காற்றோடு வந்த வாசனை இல்லை. பறித்த கையின் சூடு ஆறாத கொழுந்தை நான்கு சுவருக்குள் கொட்டிவைத்தால் எழும்புகிற, ஈரமும் கசப்பும் கலந்து தொண்டைக்குழியில் போய் உட்கார்ந்துகொள்கிற வாசனை.

அம்மாவுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் சாயந்தரம் அது. சாப்பாட்டுக்கு வந்த சனமெல்லாம் போய்விட்டது. கொத்மலைப் பள்ளத்திலிருந்து ஏறிய பனிமூட்டம் வாசல்வரை வந்து நின்றது. லோஜினி வாளியை வைத்துவிட்டுப் பின்னறையை எட்டிப் பார்த்தாள். அம்மா பேச்சியம்மா மலைக்குப் போகும்போது இடுப்பில் சுற்றிக்கொள்ளும் படங்கு காலையில் ஆணியில் காய்ந்து தொங்கியது. இப்போது தரையில் விரிந்து கிடந்தது. அதன்மேல் முழங்கால் உயரத்துக்குக் கொழுந்து. படங்கின் ஓரமெல்லாம் நனைந்திருந்தது.

யாரோ கள்ளக் கொழுந்தைக் கொண்டுவந்து ஒளித்திருக்கிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தாள். பின்கதவைப் பார்த்தாள். உள்தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. குந்திக் குவியலுக்குள் கையை விட்டாள். குவித்த கொழுந்து உள்ளுக்குள் சூடேறும் என்பது தோட்டத்தில் பிறந்த எந்தப் பிள்ளைக்கும் தெரியும். இருந்தாலும், போர்வைக்குள் தூங்குகிற ஆளைத் தொட்ட மாதிரி இருந்தது. ஒரு பிடி அள்ளிப் பார்த்தாள். இரண்டு இலை, ஒரு மொட்டு. காம்பு நீளாமல் ஒட்டக் கிள்ளியது. அப்படிக் கிள்ளுகிற கை இந்த லயத்தில் ஒன்றுதான் இருந்தது. அதைத்தான் மண்ணுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார்கள்.

நேற்றுப் படையலின் முன்னால், சனமெல்லாம் கண்ணை மூடி நின்றபோது, தான் என்ன கேட்டோம் என்பது அவளுக்கு அப்போதுதான் ஞாபகம் வந்தது. மற்றவர்கள் “எங்களக் காப்பாத்தும்மா” என்றார்கள். அவள் வாயோ பழக்கதோஷத்தில் வேறு சொன்னது. “அம்மா, இந்த மாச வாடகைக்கு மட்டும் ஒரு வழி பண்ணும்மா.”

கொழும்புக்குப் போனால் விடிந்துவிடும் என்றுதான் அவளும் புருஷன் மதுரனும் போனார்கள். வெள்ளவத்தையில் ஒரு வீட்டோடு ஒட்டிய அனெக்ஸ்; ஓர் அறை, குனிந்தால் சுவர் முட்டுகிற குசினி. அவன் சம்பளம் வாடகைக்கே பத்தவில்லை. அவள் புடவைக்கடையில் பில் போட்டு வாங்குவது பிள்ளையின் மொண்டிசோரிக்கும், கரண்டுக்கும், குடிக்கிற தண்ணீருக்கும் போய்விடும். துண்டு விழும்போதெல்லாம் அம்மாவுக்கு ஒரு போன் கோல். பேச்சியம்மா வேலையிலிருந்து நின்றுவிட வேண்டிய வயசு. “இன்னும் கொஞ்ச நாளும்மா” என்று மகள்தான் நிற்கவிடவில்லை. அதனால் ஞாயிற்றுக்கிழமையும் அம்மா மலைக்குப் போனாள். ஞாயிறு வேலைக்குக் கையிலேயே காசு கொடுப்பார்கள். அதற்குப் பேரே கைக்காசு. குளவிக்கூடு தொங்குது என்று மற்றப் பெண்கள் மறுத்த மேல்மலைக்கு அவள் மட்டும் ஏறினாள். குளவி கொட்டிச் செத்தவளைக் கீழே தூக்கி வந்தபோது முகத்தை முகமென்றே சொல்ல முடியவில்லையாம்.

செய்தி வந்தபோது லோஜினி கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தாள். அழுகைக்கு முன்னால் ஒரு நினைப்பு வந்தது. ஐயோ, இந்த மாச வாடகை. அதற்குப் பிறகுதான் அழுதாள். அந்த நினைப்பை யாரிடமும் சொல்லவில்லை. சொல்லக்கூடிய நினைப்பா அது!

அன்றிரவு மதுரன் கோல் எடுத்தான். “வீட்டுக்காரர் ரெண்டு தரம் கேட்டுட்டாரு. எனக்கு மூஞ்சிய எங்க வைக்கிறதுன்னு தெரியல.”

விடியும்வரை பின்னறையிலிருந்து கொழுந்து வாசனை வந்துகொண்டே இருந்தது. தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன, முழம் என்ன? காலையில் அதை உரப்பையில் அடைத்துக்கொண்டு ரோட்டுக்கு இறங்கினாள். சிறுதோட்டக்காரர்களிடம் கொழுந்து வாங்கும் லொறியில் பாஹிம் இருந்தார். தெரிந்தவர்களின் துண்டுக் காணியில் பறித்தது என்று பொய் சொன்னாள். அவர் ஒரு பிடி அள்ளி முகர்ந்து பார்த்தார்.

“மாஷா அல்லாஹ்! இப்பிடி ஒரு கொழுந்து நான் பாத்தே கன காலம் தங்கச்சி. யாரு கிள்ளினது?”

“எங்கம்மா” என்று வாய் தவறி வந்துவிட்டது. அவருக்கு அம்மாவையும் தெரியாது, சாவையும் தெரியாது. சிரித்துக்கொண்டே காசைக் கொடுத்தார். அவள் அதை உடனே கொழும்புக்கு அனுப்பிவிட்டாள்.

அன்று சாயந்தரமும் கொழுந்து இருந்தது. அதற்கு அடுத்த நாளும். ஒருநாள் வாசலில் பாயைப் போட்டுக் காவல் இருந்தாள். கதவு திறக்கவில்லை, யாரும் வரவில்லை. உள்ளே மட்டும் எதையோ கவிழ்த்துக் கொட்டும் சத்தம். அதன்பின் பொலபொலவென்று இலை சரியும் சத்தம். அதற்கும் அடியில், நெஞ்சுக்கூட்டுக்குள்ளிருந்து வருவதுபோல ஓர் இரைச்சல், நிற்காமல், மூச்சு விடாமல். அவள் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டு, அது ஓயும்வரை அப்படியே இருந்தாள். வாடகைக்கு மேல் சேர்ந்தது கரண்டுக்குப் போனது. பிறகு மொண்டிசோரிக்குப் போனது. அம்மாவின் சேமலாப நிதிக் கடுதாசி வேலை முடியவில்லை என்று மதுரனிடம் சொல்லிப் பயணத்தைத் தள்ளிப்போட்டாள்.

பக்கத்துக் காம்பரா ஜீவராணி அக்காவுக்கு அவள் ஊருக்குத் திரும்பாமல் இருப்பதைப் பார்த்து மனசு இளகிப் போயிற்று. “பெத்த மனம் பித்து, பிள்ளை மனம் கல்லுன்னு சொல்லுவாங்க. ஒன்னப் பாத்தா அது பொய்யின்னு தோணுது புள்ள. கருமாதி முடிஞ்சும் ஆத்தாவ விட்டுட்டுப் போக மனசு வரலியே ஒனக்கு.”

லோஜினிக்குக் கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. தலையைக் குனிந்துகொண்டாள்.

அக்கா குரலைத் தாழ்த்தினாள். “இன்னொண்ணு கேட்டியா? குளவிக்குப் பயந்து மேல்மலைக்கு எவளுமே போறதில்ல. ஆனா அந்த மலையில யாரோ சுத்தமா கிள்ளியிருக்காங்களாம். கணக்கப்புள்ளை தலையப் பிச்சிக்கிறாரு.”

அந்த வாரத்தோடு கொழுந்து கெட்டுப்போக ஆரம்பித்தது. முதலில் காம்பு நீண்டது. பிறகு முற்றிய இலை கலந்தது. கிள்ளாமல் பிய்த்து இழுத்ததுபோல நுனியெல்லாம் கிழிந்திருந்தது. செத்த குளவிகள் கிடந்தன. அவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப்போட்டுவிட்டுத்தான் பையைக் கட்டுவாள். வயசானவளுக்கு முடியவில்லை என்று அவளுக்கு விளங்கியது. விளங்கியும் பையைக் கட்டினாள்.

ஒரு காலை பாஹிம் தராசுப் பக்கம் போகாமல் அவளைத் தனியே கூப்பிட்டார்.

“தங்கச்சி, குறை நினைக்காதீங்க. நேத்துக் கொழுந்துல இது கெடந்திச்சு.”

உள்ளங்கையை விரித்தார். ஒரு நகம். முழு நகம், வேரோடு. தேயிலைக் கறை ஏறி, விளிம்பு கறுத்துப்போன கட்டைவிரல் நகம்.

“கையில காயமா? மருந்து போடுங்க. ரெண்டு நாளைக்கி வேலைய உடுங்க.”

கொழும்பில் பூசிய சாயம் இன்னும் முழுதாய் உரியாத தன் நகங்களை அவள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டாள். “ஆமாங்க, காயம்தான்” என்றாள். அவர் அன்றைய காசை நீட்டினார். வாங்காதே என்று உள்ளே ஒரு குரல் கத்தியது. அவள் வாங்கிக்கொண்டாள்.

ரோட்டிலிருந்து லயத்துக்கு ஏறும்போது வாந்தி எடுத்தாள். சீ, நானும் ஒரு பிள்ளையா! செத்தும் ஓயவிடாமல் மலைக்கு அனுப்பித் தின்கிறேனே! இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். ஒரே சொல். போதும். அனெக்ஸும் வேண்டாம், கொழும்பும் வேண்டாம். சாமானைக் கட்டிக்கொண்டு இங்கேயே வந்துவிடலாம். அம்மா மண்ணுக்குள் நிம்மதியாய்ப் படுக்கட்டும்.

சாயந்தரம் பின்கதவை அவளே திறந்துவைத்தாள். படியில் உட்கார்ந்தாள். தண்ணீர் ஓடும் கானுக்கு அந்தப் பக்கம் தேயிலை தொடங்குகிறது; நாலு செடிக்கு மேல் பனிமூட்டம் விழுங்கிவிட்டது. கடைசி நிறுவைக்குப் போன பெண்களின் பேச்சுச் சத்தம் கீழே தேய்ந்து மறைந்தது. தவளைகளும் நிறுத்திக்கொண்டன. ஈர மண் வாசனை. அதன்மேல் கொழுந்து வாசனை. அப்புறம் அந்த இரைச்சல்.

செடிகள் விலகின.

கூனிய உடம்பு. முதுகில் கூடை. கூடைக் கயிறு நெற்றியில். தலைத்துணி முகத்தை மூடித் தொங்கியது. துணிக்குள்ளே ஏதோ ஊர்ந்தது. இரைச்சல் அதற்குள்ளிருந்துதான் வந்தது.

லோஜினி படியின் ஓரமாய் ஒதுங்கினாள். அந்த உருவம் அவளைத் தாண்டி உள்ளே போயிற்று. கூடையை இறக்க முயன்றது. முடியவில்லை. மறுபடியும் முயன்றது. அப்போதுதான் கைகளைப் பார்த்தாள்.

விரல்கள் இல்லை.

ஒன்றுகூட இல்லை. கவ்வாத்து வெட்டிய செடிபோலக் கட்டைகள். கறுப்பாய். ஈரமாய். ரத்தம் இல்லை.

மணிக்கட்டுகளால் கூடையை அணைத்துக் கவிழ்த்தது. கொஞ்சம்தான் விழுந்தது. குனிந்தபடியே நின்று, கூச்சத்தோடு கேட்டது. அம்மாவின் குரல்தான்.

“போதுமா புள்ள?”

லோஜினி வாயைத் திறந்தாள். சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

மடியில் கிடந்த போன் அடித்தது. மதுரன். பழகிய கை எடுத்துக் காதில் வைத்தது. அவன் குரல் அறை முழுக்கக் கேட்டது.

“லோஜினி, அடுத்த மாசத்துலருந்து வாடகையக் கூட்டுறாங்களாம். குடுக்க முடியாட்டி வீட்ட விட்டு எழும்பச் சொல்றாங்க. புள்ளைய வச்சிக்கிட்டு எங்க போறது? ஏதாச்சும் வழி இருக்கா?”

பின்னறையில் இரைச்சல் நின்றது. துணிக்குள்ளிருந்த முகம் அவள் பக்கம் திரும்பியது. காத்திருந்தது.

போதும். சொல்லு. போதும்.

“பாக்குறேன்” என்றாள் லோஜினி.

“சரி” என்று சொன்னது அவன் இல்லை.

அம்மா கூடையை முதுகில் ஏற்றிக்கொண்டு அவளைத் தாண்டிப் படி இறங்கினாள். கானைக் கடந்தாள். முதல் செடியின் முன்னால் நின்றாள். பயனில்லாத கைகள் இரண்டு பக்கமும் தொங்கின. கொஞ்சம் யோசித்ததுபோல இருந்தது. பிறகு குனிந்து முகத்தைச் செடிக்குள் வைத்தாள். சடக்கென்று ஒரு சத்தம்.

நிமிர்ந்தபோது தலைத்துணி செடியில் சிக்கி நழுவிவிட்டது. கூடை முதுகில் இருக்கிறது. கையில் எடுத்துப் போட முடியாது. அதனால் உடம்பு அப்படியே நிற்க, கழுத்து மட்டும் திரும்பியது. தோளைத் தாண்டியது. இன்னும் திரும்பியது. முழுவதும் பின்னால் வந்து, கூடைக்கு நேராக நின்றது. வீங்கி மூடிய கண்கள் லோஜினிக்கு நேராக இருந்தன. பல்லிடுக்கில் இரண்டு இலை, ஒரு மொட்டு. வாயைத் திறந்து அதைக் கூடைக்குள் போட்டுவிட்டு, அம்மா அடுத்த செடிக்குக் குனிந்தாள்.