பத்தொன்பதாவது ஆள்

வீரர் சதுக்கத்தில் பேருந்தை விட்டு இறங்கியபோதே சுற்றுலா வழிகாட்டி எடெல்காவுக்கு எரிச்சல் தொடங்கிவிட்டது. நவம்பர் மூடுபனி சதுக்கத்தின் நடுத்தூணைப் பாதிக்கு மேல் விழுங்கியிருந்தது. உச்சியில் நிற்கும் தேவதூதரைக் காட்டித்தான் அவள் வழக்கமாகப் பேச்சை ஆரம்பிப்பாள். இன்றைக்கு தேவதூதரையே காணோம். சோல்னோக் ஊரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர்கள் பதினெட்டுப் பேருக்கும் அது ஒரு பொருட்டே இல்லை. ஒருவர் கழிப்பறை எங்கே என்றார். ஓடோன் மாமா, குதிரை வீரர்களின் சிலைகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ ஒரு பழைய எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"எல்லாரும் காதுல மாட்டிக்கிட்டீங்களா? நான் பேசறது கேக்குதா?"

"கேக்குதும்மா. கத்தாதே, காது வலிக்குது" என்றாள் கிசெல்லா அத்தை. எழுபத்தெட்டு வயது. காலையிலிருந்து அந்தக் காதுக் கருவியைத் திட்டிக்கொண்டே இருந்தாள்.

எடெல்கா கூட்டத்துக்கு அடையாளமான பச்சைக் குடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு தலைகளை எண்ணினாள்.

பத்தொன்பது.

மறுபடி எண்ணினாள். பத்தொன்பதுதான். இந்த ஊரில் ஓசிச் சுற்றுலா பார்க்கிறவர்களுக்குப் பஞ்சமே இல்லை. பணம் கட்டி வந்த கூட்டத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, மேகத்தைப் பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டுவிட்டுப் போவார்கள். ஆனால் எடெல்கா காலரில் மாட்டியிருக்கும் ஒலிவாங்கியில் முணுமுணுப்பாகத்தான் பேசுவாள். அது கருவி மாட்டிய காதுகளுக்கு மட்டும்தான் போகும். கருவிகள் பதினெட்டு. வெறுங்காதோடு இந்த ஆளுக்கு என்ன கேட்கிறதாம்?

வேறொரு நாளாக இருந்தால் போய்த் தொலையட்டும் என்று விட்டிருப்பாள். இந்த வருடம் அப்படி விட முடியாது.

போன பிப்ரவரியில் நடந்தது அது. அதுவரை அவள் தலைகளை எண்ணியதே கிடையாது. இந்தத் தொழிலில் யாரும் எண்ணுவதில்லை. சுற்றிக்காட்டி முடித்ததும் கருவிகளைப் பெட்டியில் வாங்கிப் போடுவார்கள். பெட்டியின் குழிகள் நிரம்பினால் ஆட்கள் எல்லோரும் வந்தாயிற்று என்று அர்த்தம். அன்றைக்கும் பெட்டி நிரம்பியிருந்தது. "வண்டிய எடுங்க" என்று சொல்லிவிட்டாள். எகெர் ஊரிலிருந்து வந்த ஆம்ப்ருஷ் என்பவர் தன் கருவியைப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிட்டு, கோட்டைக் குன்றின் படிக்கட்டில் மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தது யாருக்கும் தெரியவில்லை. மறுநாள் காலையில் தெருக்கூட்டுகிறவர்கள் அவரைப் பார்த்தபோது கோட்டெல்லாம் பனி உறைந்து கிடந்ததாம்.

விசாரணையில் அவள்மேல் தவறில்லை என்று சொல்லிவிட்டார்கள். கருவிக் கணக்குதான் சரியாக இருந்ததே! முதலாளி மட்டும் கூப்பிட்டுச் சொன்னார்: "இன்னொரு ஆள் விட்டுப்போச்சுன்னா, இந்த நகரத்துல நீ குடையைத் தூக்கவே முடியாது." இருபத்திரண்டு வருடமாகச் செய்யும் தொழில். வேறு எதுவும் அவளுக்குத் தெரியாது. ஆனால் அவளை உறுத்தியது அது மட்டுமல்ல. அந்த மனிதரின் சாவுக்கு அவள் போகவில்லை. அதற்குப் பிறகு அந்தப் பெயரை அவள் வாயால் சொன்னதும் இல்லை.

நாடாளுமன்றச் சதுக்கத்தில் பட்டியலை எடுத்து ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். பதினெட்டுப் பெயர், பதினெட்டு "இருக்கேன்". சந்தோஷமாகத் தலைகளை எண்ணினாள்.

பத்தொன்பது.

"உன் தலையையும் சேத்து எண்ணறியாம்மா?" என்று சிரித்தான் ஓட்டுநர் ஜோம்போர். "அந்தத் தலை இப்ப வேலை செய்யற மாதிரி தெரியல."

"வாய மூடிட்டுப் போய் வண்டியில உக்காருங்க."

ஆட்களை வரிசையாக நிற்க வைத்து முகம் முகமாகப் பார்த்துக்கொண்டே போனாள். எல்லாம் தெரிந்த முகங்கள்தான். வரிசையின் கடைசியை அடையும்போது முதலில் பார்த்த முகங்கள் மறந்துபோயின. ஈரக் கம்பளி வாடை மட்டும் எங்கிருந்தோ வந்தது. அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது, பயத்தினால் அல்ல, ஆத்திரத்தினால். ஒரு சின்னக் கூட்டத்தைக்கூட எண்ணத் தெரியாதவளாகிவிட்டாளே!

மதியத்துக்கு மேல் கோட்டைக் குன்றுக்குப் போனார்கள். மீனவர் கொத்தளத்தில் நின்றால் கீழே டான்யூப் ஆறும் மறுகரையும் விரிந்து கிடக்கும். இன்றைக்கு வெள்ளைத் திரைதான் இருந்தது. பனி இன்னும் அடர்த்தியாகி, பத்தடி தள்ளி நிற்கிறவர்கள் கரிய நிழல்களாகத் தெரிந்தார்கள்.

"ஜோடி ஜோடியாக் கையப் பிடிச்சுக்கோங்க" என்றாள். "சின்னப் பிள்ளைங்க மாதிரின்னு சிரிச்சாலும் பரவாயில்ல. ஒன்பது ஜோடி. அதுக்கு மேல யாரு நின்னாலும் எனக்குத் தெரியணும்."

கிழவர்கள் சிரித்துக்கொண்டே பிடித்துக்கொண்டார்கள். ஒன்பது ஜோடி. தனியாக ஒருவரும் இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அப்போது கிசெல்லா அத்தையின் குரல் கேட்டது.

"ஏம்மா எடெல்கா, உன் கை ஏன் இப்படி ஐஸா இருக்கு?"

எடெல்கா திரும்பினாள். அவளுக்கும் அத்தைக்கும் இடையில் பத்தடி இருந்தது.

"என்னோட ஒரு கை இலோனா கையில இருக்கு. இந்தக் கையப் பிடிச்சிருக்கறது நீதானே?"

எடெல்காவின் இரண்டு கைகளும் குடைப்பிடியில் இருந்தன.

"சரி, கைய விட்டுட்டே" என்றாள் அத்தை.

அதற்கு மேல் அங்கே நிற்க எடெல்காவால் முடியவில்லை. பக்கத்துத் தேவாலயமும் வேண்டாம், அதன் கூரை ஓடுகளின் கதையும் வேண்டாம். "நேரமாச்சு, வாங்க வாங்க" என்று எல்லோரையும் படிக்கட்டில் இறக்கினாள். கீழே பேருந்து நிற்க ஐந்து நிமிடம்தான் அனுமதி. ஜோம்போர் ஒலிப்பானை அழுத்திக்கொண்டே இருந்தான். கருவிகளைப் பெட்டியில் வாங்கினாள், பதினெட்டு. உள்ளே ஏறித் தலைகளை எண்ணினாள்.

பதினெட்டு.

இன்னொரு முறையும் பதினெட்டு. காலையிலிருந்து முதல் தடவையாகக் கணக்கு சரியாக வந்துவிட்டது. "கிளம்பலாம்!" என்றாள். குரல் அவளுக்கே புதிதாக இருந்தது. அந்த ஓசிக்காரன் குன்றிலேயே கழன்றுகொண்டான் போலிருக்கிறது.

ஆற்றின் மேல் சங்கிலிப் பாலத்தில் பாதி தூரம் போனபோதுதான் அந்த எண்ணம் வந்தது.

ஒருவன் கழன்றுகொண்டான் சரி. அது எந்த ஒருவன்?

பட்டியலைத் திறந்தாள். ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டாள். "இருக்கேன்", "இருக்கேன்", "எத்தனை தடவைதான் கேப்பே, இருக்கேன்!"

"கிசெல்லா அத்தை."

"இருக்கேன்."

ஆண் குரல்.

யாரோ விளையாடுகிறார்கள் என்று நான்கைந்து பேர் சிரித்தார்கள். எடெல்கா பின்வரிசைக்கு ஓடினாள். இலோனா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்து இருக்கை காலியாக இருந்தது. இருக்கைத் துணி நனைந்திருந்தது.

"அத்தையோட கருவிய யாரு பெட்டியில போட்டது?"

"நான்தான்" என்றார் கடைசி வரிசையிலிருந்த ஓடோன் மாமா. "காது வலிக்குதுன்னு படிக்கட்டுல எங்கிட்ட கொடுத்தா. பின்னாலயே வந்தாளே?"

"வண்டியத் திருப்புங்க!"

"பாலத்து மேலயா? பைத்தியமா உனக்கு?" என்றான் ஜோம்போர். "பதினெட்டுன்னு நீதானே சொன்னே!"

"சொன்னேன். தப்பு. திருப்புங்க, உங்க கால்ல விழறேன்!"

மறுகரையின் போக்குவரத்து வட்டத்தைச் சுற்றித் திரும்பி வருவதற்குள் வெளிச்சம் மங்கத் தொடங்கிவிட்டது. எடெல்கா படிகளில் ஓடி ஏறினாள். குடையை எங்கே போட்டாள் என்று தெரியவில்லை. இரண்டாவது திருப்பத்தில், சுவரோரமாக, கிசெல்லா அத்தை உட்கார்ந்திருந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. உயிர் இருந்தது. எடெல்கா அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள்.

"எதுக்கும்மா அழறே? நீ வருவேன்னு அவர் சொன்னாரே."

"யாரு?"

"கூட உக்காந்திருந்தாரே, அவர்தான். எழுந்திருக்கவே முடியல எனக்கு, முட்டி பிடிச்சுக்கிச்சு. 'பயப்படாதீங்க, உங்க பேரச் சொல்லிக் கூப்பிடறா'ன்னார். கொஞ்ச நேரம் எங்கயோ போயிட்டு வந்தார்." அத்தை எடெல்காவின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "'என்னைத்தான் கூப்பிடவே இல்ல'ன்னார். நல்ல மனுஷனாட்டம் தெரியறார். ஏன் கூப்பிடல நீ?"

படியில் அத்தைக்குப் பக்கத்தில் பனி படிந்திருந்தது. ஒரு ஆள் உட்காரும் அளவுக்கு மட்டும் ஈரமில்லாமல் காய்ந்திருந்தது.

அத்தையைத் தாங்கிப் பிடித்து, ஒவ்வொரு படியாக இறக்கிக்கொண்டு வந்து வண்டியில் ஏற்றினாள். இலோனா தன் சால்வையைக் கொடுத்தாள், யாரோ குடுவையிலிருந்து சூடான தேநீர் ஊற்றினார்கள். எடெல்கா கதவுப் படியில் நின்று பட்டியலை முதலிலிருந்து படித்தாள். பதினெட்டுப் பேரும் அவரவர் குரலில் பதில் சொன்னார்கள். கிசெல்லா அத்தையும் சொன்னாள்.

காகிதத்தில் அதற்குக் கீழே பெயர் எதுவும் இல்லை. எடெல்கா வெளியே பார்த்தாள். பனியில் படிக்கட்டின் முதல் நான்கு படிகள்தான் தெரிந்தன. ஒன்பது மாதமாகச் சொல்லாத பெயர்.

"ஆம்ப்ருஷ் மாமா" என்று கூப்பிட்டாள். "வாங்க. வண்டி கிளம்பப் போகுது."

பேருந்துக்குள் யாரும் சிரிக்கவில்லை. அவள் கதவிலிருந்து ஒதுங்கி வழிவிட்டு நின்றாள். ஈரக் கம்பளி வாடை அவளைக் கடந்து உள்ளே போனது.

"போலீஸ்காரன் வந்துட்டிருக்கான்" என்று பல்லைக் கடித்தான் ஜோம்போர். "பதினெட்டா, பத்தொன்பதா? ஏதாவது ஒண்ணச் சொல்லித் தொலை."

"பத்தொன்பது. இப்ப எடுங்க."

கதவு மூடிக்கொண்டது. கடைசி வரிசையில் ஓடோன் மாமா, பக்கத்து இருக்கையில் கிடந்த தன் கோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு, யாரோ ஜன்னலோரம் போவதற்காக முழங்கால்களை உள்ளே இழுத்துக்கொண்டார்.