வெள்ளிப் பெயிண்டுக்கு அடியில்

என்ஜின் இல்லாத காரின் பானெட்டில் பூனை படுத்திருந்தது.

மழைக்காலத்தில் அந்தச் செவலைப் பூனை சூடு தேடித்தான் வரும். சுஜின் ஓட்டிவிட்டு வந்து நிறுத்தியதும் பானெட்டில் ஏறிச் சுருண்டுகொள்ளும். சூடு ஆறியதும் இறங்கிப் போய்விடும், நன்றி கெட்டது. இப்போது அந்தப் பழைய அம்பாசடருக்குள் என்ஜினும் இல்லை, ஓட்டுவதற்குச் சுஜினும் இல்லை. ஜெஸ்லின் பூனையை விரட்டிவிட்டு, அது படுத்திருந்த இடத்திலிருந்து சற்றுத் தள்ளி, மழைச்சாரல் தெறித்திருந்த தகரத்தின் மேல் உள்ளங்கையை வைத்தாள். சூடாக இருந்தது.

அவள் பயப்படவில்லை. பயப்படுவதற்கும் உடம்பில் ஏதாவது மிச்சம் இருக்க வேண்டுமே. கணவன் சுஜின் போன நாளிலிருந்து கொதிக்கிற சாயாவும் பச்சைத் தண்ணீரும் அவள் நாக்குக்கு ஒன்றுதான். பெட்டியைக் குழிக்குள் இறக்கியபோதும் கண் நனையவில்லை. "ஒரு தடவ அழுதிரு பிள்ளே" என்று சபைப் பெண்கள் சொல்லிச் சொல்லி ஓய்ந்துவிட்டார்கள். அழ அவளுக்கும் ஆசைதான். வலியோ பயமோ, எதையாவது உணர்ந்தால் போதும் என்றிருந்தது. தகரத்தின் கதகதப்பு ஏறியபோது, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அந்தக் கை தன்னுடையது என்று தோன்றியது. அன்றைக்கே ஷிபுவைக் கூப்பிட்டு, காரைப் பாதியில் விட வேண்டாம், வேறு என்ஜின் ஒன்று பார் என்றாள். ஷிபு வொர்க்‌ஷாப் வைத்திருப்பவன், சுஜினின் கூட்டாளி.

சுஜின் அந்தக் காரை ஞாயிற்றுக்கிழமைதோறும் ஆராதனை முடிந்து வந்து பிரித்துக் கோத்துக்கொண்டிருந்தவன். காருக்கு அடியில் படுத்தால் வாயே திறக்க மாட்டான். கையை மட்டும் வெளியே நீட்டுவான். எந்த ஸ்பானர் வேண்டும் என்பது அவன் விரல் விரிந்திருக்கும் விதத்திலேயே ஜெஸ்லினுக்குத் தெரியும். முறுக்கி முடித்த ஒவ்வொரு போல்ட்டிலும் அவளுடைய ஊதா நகப்பாலிஷால் ஒரு பொட்டு வைப்பான், இனித் தொட வேண்டாம் என்பதற்கு அடையாளம். "எனக்க பாட்டில முழுசும் தீத்துட்டியளே" என்று அவள் சண்டை பிடிப்பாள்.

கடைசி ஞாயிற்றுக்கிழமை என்ஜினைப் போர்டிகோ உத்திரத்தில் மாட்டிய செயின் பிளாக்கின் சங்கிலியில் தூக்கிக் காருக்கு மேலே தொங்கவிட்டு, அடியில் போய்ப் படுத்தான். அவள் குக்கரை இறக்கிவைக்க உள்ளே போனாள். சங்கிலி நழுவியது. ஓடி வந்தபோது காருக்கு அடியிலிருந்து கை வெளியே நீண்டிருந்தது, விரித்த உள்ளங்கையோடு. எந்த ஸ்பானர் கேட்டான் என்பது அவளுக்கு இன்றுவரை தெரியாது.

அந்த என்ஜின் வீட்டில் நிற்கக் கூடாது என்று மாமியார் ரத்னாபாய் ஒற்றைக்காலில் நின்றாள். கேட் வழியாகக் கொண்டுபோகவும் விடவில்லை. பின்மதிலை இடித்து, அந்த வழியாக வெளியேற்றி, விளக்கு வைக்குமுன் மதிலை அடைத்தார்கள். "உயிரெடுத்த சாதனம் போன வழியே திரும்பி வரும். அந்த வழி இருக்கப்பிடாது" என்றாள். பாஸ்டர் காதில் விழுந்தால் அஞ்ஞானம் என்பார். அதனால் பாஸ்டரிடம் யாரும் மூச்சு விடவில்லை.

கரமனைப் பக்கத்தில் இருந்த பழைய சாமான் யார்டில் ஷிபு இரண்டு என்ஜின்களைப் பார்த்து வைத்திருந்தான். இரண்டுக்கும் பளபளவென்று வெள்ளிப் பெயிண்ட் அடித்திருந்தது. கிழட்டு என்ஜினுக்கு யார்டுக்காரர்கள் செய்கிற கல்யாண அலங்காரம் அது. பாட்டரியையும் டீசல் குப்பியையும் மாட்டி ஒவ்வொன்றாக ஓடவிட்டான். நீண்ட ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் ஊன்றி, பிடியைக் காதெலும்பில் அழுத்திக் கேட்டான்.

"இது சுத்தம், சேச்சி. மத்ததுல ஒரு சின்னத் தட்டல் கேக்கு. நமக்கு இது மதி."

ஜெஸ்லின் ஸ்குரூடிரைவரை வாங்கினாள். கேட்கச் சுஜின் சொல்லித் தந்திருந்தான். முதல் என்ஜினில் இரும்பு இரும்பாகவே ஒலித்தது. இரண்டாவதில் முனையை ஊன்றியதும், அந்தப் பெரிய இரைச்சலுக்குப் பின்னால், ஒரு மெல்லிய டக், டக். யாரோ உள்ளேயிருந்து விரலால் தட்டுகிற மாதிரி. அவள் மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை சூடு ஏறியது. அவள் ஸ்குரூடிரைவரை எடுக்காமல் நின்றாள்.

"இது" என்றாள்.

"தட்டல் உண்டு கேட்டியளா. பின்ன என்னையக் குத்தம் சொல்லப்பிடாது."

"இது போதும் ஷிபு."

ரத்னாபாய் பாறசாலையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தாள். பிக்கப் வண்டி என்ஜினோடு முன்கேட் வழியாகவே உள்ளே வந்தது. பூனை மதிலேறி அடுத்த வீட்டுக்குள் குதித்தது, அப்புறம் வரவில்லை. ஷிபு என்ஜினைக் காருக்கு முன்னால் பழைய டயர்களின் மேல் இறக்கிவைத்தான். மழை வலுத்துவிட்டதால் மாட்டுகிற வேலையை மறுநாளைக்குத் தள்ளினான். "தொங்கவிட்டுட்டுப் போகப்பிடாது சேச்சி. நாளைக்குக் காலத்தே வாறேன்" என்றான். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை.

அவன் போனதும் அவள் மண்ணெண்ணெய்த் துணியால் என்ஜினைத் துடைத்தாள். துடைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை, கை தானாகத் துடைத்தது. வெள்ளிப் பெயிண்ட் பால் ஆடை போலச் சுருண்டு வந்தது. அடியில் ஒரு போல்ட். போல்ட்டின் தலையில் ஊதா நிறத்தில் ஒரு பொட்டு. பக்கத்தில் இன்னொன்று. அதற்கும் பக்கத்தில்.

யாரோ வாங்கி யாருக்கோ விற்று, அவன் பெயிண்டடித்து யார்டில் போட்டிருக்கிறான். இப்படி நடப்பதுதான். ஷிபுவைக் கூப்பிட வேண்டும், மாமியாருக்குச் சொல்ல வேண்டும், கதவைப் பூட்ட வேண்டும். அவள் துணியை மடித்துவைத்துவிட்டு உள்ளே போய்ச் சாயா போட்டாள்.

அந்தி மயங்குகிற நேரத்தில் கரண்ட் போனது. மழை ஓட்டிலிருந்து வழிகிற சத்தம், ஈர மண்வாடை, அதற்குள் எங்கிருந்தோ சுட்ட ஆயிலின் வாடை, அடுப்பில் ஆறுகிற பாத்திரத்தின் முனகல், இவற்றுக்கெல்லாம் நடுவே போர்டிகோவில் சங்கிலி ஓடுகிற சத்தம் கேட்டது. கண்ணி கண்ணியாக, அவசரமில்லாமல். ஷிபு திரும்பி வந்துவிட்டான் போலிருக்கிறது என்று டார்ச்சை எடுத்துக்கொண்டு போனாள்.

கேட் பூட்டியிருந்தது. டயர்களின் மேல் ஒன்றுமில்லை.

பானெட் திறந்திருந்தது. என்ஜின் காருக்கு மேலே தொங்கியது. லேசாக ஆடியது. வெள்ளி முழுக்க உதிர்ந்து தரையில் கிடந்தது. இரும்பெல்லாம் ஊதாப் பொட்டுகள்.

டக், டக்.

உள்ளே எதுவும் ஓடவில்லை. ஆனாலும் தட்டியது.

டார்ச் வெளிச்சம் கீழே இறங்கியது. காருக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டிருந்தது. உள்ளங்கை மேலே பார்த்து. விரல்கள் விரிந்து.

அந்த விரிப்பு அவளுக்குத் தெரியும். யோசிக்கவில்லை. டூல் பெட்டியில் கைவிட்டுப் பதினேழாம் நம்பர் ஸ்பானரை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். விரல்கள் மூடின. கை உள்ளே போனது.

போல்ட் ஒன்று கழல்கிற சத்தம்.

மேலே சங்கிலி ஒரு கண்ணி இறங்கியது.

கை மறுபடி வந்தது. வெறுங்கையாக. இந்த முறை விரல்கள் வேறு மாதிரி விரிந்திருந்தன. அதற்கான ஸ்பானர் பெட்டியில் இல்லை.

ஜெஸ்லின் ஈரத் தரையில் மண்டியிட்டாள். பிறகு பக்கவாட்டில் படுத்தாள். தன் கையை அந்தக் கைக்குள் வைத்தாள்.

சூடு. ஆயில் பிசுக்கு. சுண்டுவிரலில் பழைய தழும்பு.

அவள் கண்ணிலிருந்து நீர் இறங்கிக் காதுக்குள் ஓடியது.

இன்னொரு கண்ணி இறங்கியது. கை மெதுவாக அவளை உள்ளே இழுத்தது. அவள் கையை விடவில்லை.