நாலாம் அடுப்பின் கதவு

திரையில் பச்சை விளக்கு தப்பான இடத்தில் எரிந்தது. கண்தான் ஏதோ கோளாறு செய்கிறது என்று லீசல் முதலில் நினைத்தாள்.

ஜெனரல் சாந்தோஸ் நகரின் சூரை மீன் தொழிற்சாலையில், மதியத்தோடு உற்பத்தியை நிறுத்திவிட்டு, நீராவி அடுப்புகளை இயக்கும் சர்வரில் அவள் புது மென்பொருள் ஏற்றிக்கொண்டிருந்தாள். எது முன்னால், எது பின்னால் என்று வரிசை எழுதியவளும் அவளே. உள்ளே ஆள் உண்டா என்று பார்க்கும் கதவு நிரல் எழுந்த பிறகுதான் நீராவி நிரல் எழ வேண்டும். அந்த ஒரு வரி காலையில் மூன்று முறை மக்கர் செய்ததால், அப்புறம் சேர்த்துக்கொள்ளலாம் என்று நீக்கியிருந்தாள்.

கண்ணாடி அறைக்குக் கீழே, ஆள் நிமிர்ந்து நிற்கும் உயரமுள்ள நாலாம் அடுப்புக்குள் துப்புரவுத் தொழிலாளி எர்மிங் எண்ணெய்ப் பிசுக்கைச் சுரண்டும் சத்தம், மீன் கவிச்சியோடும் ஈர இரும்பின் வாடையோடும் கலந்து மேலேறி வந்தது.

"இண்டாய், இன்னும் எவ்ளோ நேரம்?" இடுப்பிலிருந்த வாக்கி டாக்கியில் அவர் குரல்; சின்னப் பெண்களை அவர் இண்டாய் என்றுதான் கூப்பிடுவார். "நீ முடிக்கறதுக்குள்ள நானே டின்னுக்குள்ள போயிடுவேன் போல."

"உங்க தொப்பைக்கு ஏத்த டின் இங்க இல்ல, மனோங்." அண்ணா என்பது போல அவள் அவரை அப்படித்தான் அழைப்பாள்.

அவர் சிரித்தார்.

திரையில் நீராவிக்குப் பச்சை. கதவு நிரல் இன்னும் சாம்பல்.

"மனோங், வெளிய வாங்க. இப்பவே."

நீராவி நிரலின் கட்டளையில் அடுப்பின் கதவு தானே சறுக்கி மூடியது. பூட்டு விழுந்தது. பிறகு நீராவியின் சீறல்.

நிறுத்து பொத்தானை அழுத்தினாள். *வரிசையில் காத்திருக்கவும்.* நிறுத்தும் நிரலை அவள் கடைசியில் வைத்திருந்தாள்.

இடுப்பு வாக்கி டாக்கியில் அலறல். வார்த்தை இல்லாத அலறல்.

இரும்புப் படிகளில் விழுந்து எழுந்து ஓடினாள். வால்வுச் சக்கரம் கொதித்தது. திருகினாள். உள்ளங்கைத் தோல் சக்கரத்தில் ஒட்டிக்கொண்டு வந்தது. விடவில்லை. சீறல் நின்றது. அலறலும் நின்றது.

மெக்கானிக் போங் கடப்பாரையோடு வந்தான். அழுத்தம் இறங்காமல் கதவு அசையாது.

உள்ளேயிருந்து தட்டல். மூன்று முறை. இடைவெளி. மூன்று முறை.

"உயிர் இருக்கு" என்றாள் லீசல்.

போங் வெப்பமானியைப் பார்த்தான். நூற்றுப் பதினெட்டு டிகிரி. அவளைப் பார்க்கவில்லை.

இருபது நிமிடம். தட்டல் நிற்கவில்லை. தளரவும் இல்லை.

கதவு திறந்தது. வெந்த வாடை. சூரையின் வாடை அல்ல. எர்மிங் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகம் மார்பில் வழிந்திருந்தது. வலது கையின் சதை மடியில் கிடந்தது.

அந்தக் கையின் வெள்ளை எலும்பு உயர்ந்தது. இரும்பைத் தட்டியது.

மூன்று முறை.