எட்டாம் மாதத்தில் ஓர் ஆண்

"மனிதன் பொய் சொல்லலாம், பதிவேடு சொல்லாது." குடிநீர் வாரிய இயக்குநர் இதைக் கல்லில் பொறித்துத் தம் அறை வாசலில் பதித்திருந்தார். அந்தப் பதிவேட்டின்படி, எட்டு மாத வயிற்றோடு துப்பறிவாளர் எதிரே உட்கார்ந்திருந்த மீட்டர் ஊழியர் ஓர் ஆண்.

"ஆம்பளைக்குப் பேறுகால லீவு கிடையாதாம் சார். நாளையிலேர்ந்து படுத்தே இருக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாங்க. லீவு இல்லாம நின்னா வேலை போயிடும். தலைமை எழுத்தர்கிட்ட வயித்தக் காட்டினேன். 'அது ஆவணம் இல்லம்மா'ங்கறாரு."

"உங்ககிட்ட ஆணா பெண்ணான்னு யாராவது கேட்டாங்களா?"

"இல்ல சார். மார்ச்ல புதுப் பதிவேடு வந்துது. அவ்வளவுதான்."

"யாரோ வேண்டாதவன் வேலை மாமா!" என்று துள்ளினாள் துப்பறிவாளரின் அக்கா மகள். உதவியாளர் வேலையை அவளே எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அவசரக் குடுக்கை. பேசாம வா."

வாரிய அலுவலகம் மூட ஒரு மணி நேரமே இருந்தது. வண்டி நிறுத்தத்தில், முதலாம் எண் இடத்தில் ரோஜா நிற ஸ்கூட்டர் ஒன்று நின்றது. துப்பறிவாளர் அதைப் பார்த்துக்கொண்டே உள்ளே போனார்.

பதிவேட்டின் ஓரத்தில் கிரீஸ் கறை. பெயர்கள் அகரவரிசையிலும் இல்லை, பதவி வரிசையிலும் இல்லை. நடந்து வரும் காவலாளிக்கும் பஸ்ஸில் வரும் இருவருக்கும் பாலினக் கட்டம் காலி.

"மார்ச்ல எதுல வேலைக்கு வந்தீங்கம்மா?" என்று கூட வந்திருந்த ஊழியரைக் கேட்டார் துப்பறிவாளர்.

"அண்ணனோட பெரிய பைக்ல. நான்தான் ஓட்டுவேன்."

இயக்குநர் அறையில் எல்லோரும் கூடினார்கள். துப்பறிவாளர் தலைமை எழுத்தரைப் பார்த்தார். "வண்டி நிறுத்தத்துல நின்னு, வண்டி நிக்கிற இடத்தோட எண் வரிசையில எழுதியிருக்கீங்க. பைக்னா ஆண், ஸ்கூட்டர்னா பெண். சரிதானே?"

தலைமை எழுத்தருக்கு வியர்த்துக் கொட்டியது. "நீங்க ஆணா பெண்ணான்னு எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு சார் கேக்கறது? செருப்படி விழாதா?"

"ஆளுக்கொரு சீட்டு குடுத்திருந்தா அவங்களே எழுதியிருப்பாங்களே!" என்றாள் அக்கா மகள்.

இயக்குநர் மேசையைத் தட்டித் தட்டிச் சிரித்தார். "அட மண்டூகமே! வண்டியப் பாத்தா எழுதுவே? கொண்டா, இந்தம்மாவோட லீவு மனுவுல கையெழுத்துப் போடறேன்."

போட்டார். ஊழியர் மனுவை வாங்கி மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"முதல் பெயரையும் பாத்துடுங்க சார்," என்றார் துப்பறிவாளர்.

எளிமைக்கு எடுத்துக்காட்டாக இயக்குநர் ஜனவரியிலிருந்து மனைவியின் ரோஜா நிற ஸ்கூட்டரில் வந்துகொண்டிருந்தார். பதிவேட்டில் அவர் பெண்.