கோட்டுக்குள் பனி

“பாத்தியாடி மீரிம்! மழை, பனி எதுவும் உள்ள வராது. வேர்வை மட்டும் வெளிய போயிடும்!”

நகரத்துக் கல்லூரியிலிருந்து விடுமுறைக்கு வந்திருந்த திலேக், தன் புது நீலக் கோட்டைத் தட்டித் தட்டிக் காட்டினான். அப்பா எடுத்து வைத்த ஆட்டுத்தோல் கோட்டு ஆணியிலேயே தொங்கியது.

“அதப் போட்டா ஆடுங்க என்னையும் கூட்டத்துல சேத்துக்கும்,” என்றான்.

நரின் பள்ளத்தாக்கில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே முப்பது டிகிரி. பத்து வயது மீரிமும் அவள் அண்ணன் திலேக்கும் மலையடி ஆட்டுக் கொட்டிலுக்கு உலர்புல் கொண்டு போனார்கள். சறுக்குவண்டியை இழுத்தது தோரு. அவர்கள் வீட்டுக் குதிரை, சோம்பலில் ராஜா.

பாதி வழியில் வண்டி பனியில் புதைந்தது. திலேக் மண்வெட்டியால் வெட்டினான், தள்ளினான், முக்கினான். அரை மணி நேரம் கழித்து வண்டி நகர்ந்தது.

“உனக்கு வேர்க்குதேண்ணா, கோட்டக் கொஞ்சம் திறந்து விடேன்.”

“உனக்கென்ன தெரியும்? வேர்வைய அதுவே அனுப்பிடும்,” என்று புல்மேல் ஏறி உட்கார்ந்தான்.

சிறிது நேரத்தில் திலேக் பேசுவதையே நிறுத்திவிட்டான். அது நடக்காத காரியம் ஆயிற்றே! மீரிம் திரும்பிப் பார்த்தாள். உதடு நீலம். பற்கள் கடகடவென்று அடித்துக்கொண்டன. கோட்டைத் தொட்டாள். பலகைபோல விறைத்திருந்தது.

பிடித்து இழுத்துத் திறந்தவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. உள்ளே முழுக்க வெள்ளை வெளேரென்று உறைபனி! சட்டையோ சொட்டச் சொட்ட ஈரம்.

“ஐயய்யோ! உள்ள பனி பெஞ்சிருக்கு!”

“பொ... பொய்! இதுக்குள்ள த... தண்ணி போகாதுடி!”

“வெளியேர்ந்து வரல. எல்லாம் உன் வேர்வைதான். இந்தக் குளிர்ல வெளிய போறதுக்குள்ள உறைஞ்சு போச்சு!”

வீட்டுக்குத் திரும்பிப் போக அரை மணி ஆகும். அண்ணனுக்கு ஏதாவது ஆகிவிட்டால்? மீரிமுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. என்ன செய்வதென்றே தெரியவில்லை. தோருவுக்கு இப்படி வேர்த்திருந்தால் தெரியும். வேர்த்த குதிரையைக் குளிரில் அப்படியே விடக்கூடாது. புல்லால் தேய்த்துத் துடைத்து, கம்பளம் போர்த்த வேண்டும். இது அங்கே நான்கு வயதுக் குழந்தைக்கும் தெரியும்.

அப்படியானால் அண்ணனுக்கும் அதுதானே?

“சட்டையக் கழட்டு!”

“பைத்தியமா உனக்கு? செத்துடுவேன்!”

“கழட்டலேன்னாதான் சாவ!”

காற்றுப் படாத பக்கமாக அவனை இறக்கினாள். கோட்டையும் ஈரச் சட்டையையும் உருவி எறிந்தாள். ஒரு பிடி புல்லை எடுத்து முதுகை வரட் வரட்டென்று தேய்த்தாள்.

“ஆ! தோல் போகுதுடி!”

“தோரு இப்படிக் கத்தாது.”

வண்டியிலிருந்த தோருவின் கெட்டிக் கம்பளத்தைக் கழுத்துவரை சுற்றினாள். அது குதிரை நாற்றம் அடித்தது. அவனைப் புல்லுக்குள் புதைத்தாள். தன் சால்வையை அவன் தலையில் கட்டினாள்.

“ஆடுங்களுக்குப் புல்லு?” என்று முனகினான் திலேக்.

“முதல்ல வீடு. ஆடுங்க பொறுத்துக்கும்.”

மீரிம் வண்டியைத் திருப்பினாள். அன்றைக்கென்று தோருவும் ஓட்டமாய் ஓடியது.

வாசலில் நின்ற அப்பா, புல்லுக்குள் கிடந்த உருவத்தைப் பார்த்து அதிர்ந்து போனார். “என்னடி இது? யாரு?”

“நம்ம ரெண்டாவது குதிரைப்பா. ரொம்ப வேர்த்துப் போச்சு. துடைச்சுப் போர்த்திக் கொண்டுவந்தேன்.”

கம்பளத்துக்குள்ளிருந்து சிவந்த மூக்கு ஒன்று எட்டிப் பார்த்தது. திலேக் தலையை ஆட்டி, அழகாக ஒரு கனைப்புக் கனைத்தான்.